வலையா, காலா? இந்திய ஹாக்கி அணியின் பலமும் அதற்குள் இருக்கும் ஓட்டையும்

டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இந்திய ஆடவர் ஹாக்கி அணி தலா 8 ஆட்டங்கள் ஆடியது. இரண்டு இடத்திலும் வெண்கலம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கதை இரண்டு முறை நடந்த மாதிரி இருக்கும். ஆனால் ஸ்கோர்களை ஒரு பேப்பரில் வரிசையாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். டோக்கியோவில் இந்தியா அடித்தது 25 கோல், வாங்கியது 23. பாரிஸில் அடித்தது 15, வாங்கியது 12. மூன்றே ஆண்டில் வாங்கும் கோல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கூடவே அடிக்கும் கோலில் பத்து காணாமல் போய்விட்டது.

இன்னும் கொஞ்சம் கிளறினால் வேறொன்றும் தெரியும். பாரிஸில் அடித்த 15 கோலில் 10 கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் அடித்தவை. அந்த ஒலிம்பிக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். மீதி ஐந்தில் அபிஷேக் இரண்டு. மந்தீப் சிங், விவேக் சாகர் பிரசாத், சுக்ஜீத் சிங் ஆளுக்கு ஒன்று. சுக்ஜீத்தின் கோல்கூட ஹர்மன்பிரீத் விட்ட பந்து அவர் ஸ்டிக்கில் பட்டுத் திசைமாறி உள்ளே போனதுதான். அதாவது பதக்கம் வென்ற அணியின் முன்கள வீரர்கள் எல்லோரும் சேர்ந்து எட்டு ஆட்டங்களில் அடித்த கோலை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். டோக்கியோவில் இப்படி இல்லை. அங்கே ஹர்மன்பிரீத் அடித்தது 6. மற்ற 19 கோல்கள் பல பேரிடமிருந்து வந்தன. பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் அடித்த மூன்றுமே ஆட்டத்தின் ஓட்டத்தில் வந்த ஃபீல்டு கோல்கள்: தில்பிரீத், குர்ஜந்த், ஹர்திக்.

இந்த அணியை நான் பல வருடமாக விடாமல் பார்க்கிறேன், நள்ளிரவு ஆட்டங்கள் உட்பட. என் கணிப்பு இதுதான்: அணியின் மிகப் பெரிய பலம் எதுவோ, அதன் மிகப் பெரிய பலவீனமும் அங்கிருந்துதான் முளைக்கிறது. அந்த இரண்டும் பெனால்டி கார்னரில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

முதலில் பெனால்டி கார்னர் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். டிவியில் பார்த்தால் ஏதோ சடங்கு மாதிரி இருக்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் பயங்கரம் புரியும். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். மற்ற தற்காப்பு வீரர்கள் எல்லோரும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். உள்ளே நிற்பவர்கள் அவசர அவசரமாக முகமூடி மாட்டுவார்கள், முழங்காலுக்குக் கவசம் கட்டுவார்கள். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி தாக்கும் அணி வீரர் ஒருவர் பந்தை வெளியே தள்ளுவார். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் அரைவட்டத்தை ஹாக்கியில் வட்டம் என்பார்கள். அதன் உச்சியில் ஒருவர் பந்தைத் தரையோடு தரையாக நிறுத்துவார். மூன்றாவது ஆள் ஓடி வந்து, பந்தை ஸ்டிக்கின் வளைவில் ஏந்தி, உடம்பைத் தாழ்த்தி, இழுத்துச் சுழற்றி விடுவார். இதுதான் டிராக் ஃபிளிக். பந்தை வெளியே தள்ளியதிலிருந்து கோலை நோக்கிப் பறக்கும் வரை எல்லாம் சேர்த்து இரண்டு வினாடி பிடித்தால் அதிகம்.

இதில் ஒரு விதி நுட்பம் இருக்கிறது. பெனால்டி கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கோலின் அடியில் இருக்கும் பலகையின் உயரம் அது. ஆனால் டிராக் ஃபிளிக்குக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. மேல் மூலையிலும் விடலாம். கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். அதில் எங்கே வேண்டுமானாலும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பந்து வரலாம் என்றால் கோல்கீப்பர் என்ன செய்வார், பாவம். அதனால்தான் நல்ல டிராக் ஃபிளிக்கர் ஒருவர் இருந்தால் எதிரணிப் பயிற்சியாளரின் பாதித் திட்டம் அவரைச் சுற்றியே போய்விடுகிறது. ஹர்மன்பிரீத் உலகின் முதல் வரிசை ஃபிளிக்கர்களில் ஒருவர். 2024-இல் சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான் போனது.

சரி, இவ்வளவு நல்ல ஆயுதம் கையில் இருப்பதில் என்ன கெடுதல்?

பெனால்டி கார்னர் கிடைக்கப் பெரும்பாலும் வட்டத்துக்குள் எதிரணி தவறு செய்ய வேண்டும். மிகச் சாதாரணமான தவறு, தற்காப்பு வீரரின் காலில் பந்து படுவது. இப்போது ஒரு இந்திய முன்கள வீரர் வலது ஓரமாகப் பந்தோடு ஓடி வட்டத்துக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் இரண்டு வழி. ஒன்று, எதிரில் நிற்பவரை ஏமாற்றி உள்ளே திரும்பி, இடது பக்கம் ஓடி வரும் தோழருக்குப் பந்தைக் கொடுப்பது அல்லது தானே அடிப்பது. இன்னொன்று, எதிரில் இருக்கும் காலைப் பார்த்துப் பந்தைத் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கி அம்பயரைப் பார்ப்பது. முதல் வழியில் பத்தில் ஏழெட்டு முறை பந்து பறிபோகலாம். இரண்டாவது வழியில் பின்னால் ஹர்மன்பிரீத் காத்திருக்கிறார். எந்த வீரரும் எதைத் தேர்ந்தெடுப்பார்?

அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. ஒரு ஆட்டத்தில் அது புத்திசாலித்தனம்தான். ஆனால் இதையே நான்கு வருடம் செய்தால் கண்ணும் கையும் அதற்கே பழகிவிடும். வட்டத்துக்குள் நுழைந்ததும் வலையைப் பார்க்காமல் எதிராளியின் பூட்ஸைப் பார்க்கும் முன்களம் உருவாகிவிடும். இந்திய அணியின் ஆட்டங்களை ரீவைண்ட் செய்து பாருங்கள்: பந்து கிடைத்த நொடியில் கோல் பக்கம் தலையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். அபிஷேக் அதில் ஒருவர். பாரிஸில் ஆஸ்திரேலியாவுக்கும் பெல்ஜியத்துக்கும் எதிராக அவர் அடித்த இரண்டும் அந்தக் குணத்தால் வந்தவை. கொஞ்சம் சுயநலக்காரர் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்தச் சுயநலம் பிடிக்கும், முன்களத்தில் அப்படி இன்னும் இரண்டு பேர் இருந்தால் நல்லது.

பெரிய அணிகள் இதைக் கண்டுபிடிக்காமல் இருக்குமா? வட்டத்துக்குள் வரும் இந்திய வீரரை அவர்கள் இப்போது நேராகப் போய் மறிப்பதில்லை. ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து, காலை விலக்கி வைத்து, அவரை எண்ட் லைன் (கோல் பக்கத்து எல்லைக் கோடு) ஓரத்துக்கே ஒதுக்கிக் கொண்டுபோகிறார்கள். ஓரத்தில் ஒதுங்கியவருக்குக் கோலும் தெரியாது, காலும் கிடைக்காது. பந்து கோட்டைத் தாண்டிப் போகும், ஆட்டம் மறுபடி அவர்கள் கையில்.

கார்னர் கிடைத்தாலும் உத்தரவாதம் இல்லை. பாரிஸ் அரை இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இந்தியாவுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. உள்ளே போனவை இரண்டு. ஒன்று ஹர்மன்பிரீத் நேரடியாக விட்டது, இன்னொன்று மேலே சொன்ன சுக்ஜீத் கோல். மீதியெல்லாம் ஓடி வந்த ஜெர்மன் வீரர்களின் உடம்பிலோ, கோல்கீப்பர் மேலோ பட்டுத் திரும்பின. கார்னருக்கு எதிராக முதலில் பாய்ந்து ஓடுபவரை ஃபர்ஸ்ட் ரஷர் என்பார்கள். பந்து வரும் பாதையிலேயே உடம்பைக் கொடுத்து ஓடும் வேலை அது. ஜெர்மனியிடம் அதற்குப் பஞ்சமில்லை.

இந்தியாவிடமும் அந்த மாதிரி ஆள் இருக்கிறார். அமித் ரோகிதாஸ். அந்த அரை இறுதியை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் ஆடாதது. இரண்டு நாள் முன்பு, பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியின் 17-ஆவது நிமிடத்தில், எதிராளியின் முகத்தில் ஸ்டிக் பட்டதற்காக அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள். அது சரியா தப்பா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. வேண்டுமென்று செய்தது போல எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். மீதி 43 நிமிடமும் இந்தியா 10 பேரோடு ஆடியது. ஆடி, 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்துக்கு அமித்துக்குத் தடை. 16 பேர் அணியில் 15 பேரோடு அரை இறுதி. ஜெர்மனி சமன் செய்த கோல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெனால்டி கார்னரில், கொன்சாலோ பெயில்லட் விட்ட ஃபிளிக்கில். அர்ஜென்டினாவுக்காக 2016-இல் ஒலிம்பிக் தங்கம் வென்று, பிறகு ஜெர்மனிக்கு ஆட வந்தவர் அவர். அமித் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் முதல் ரஷர் இல்லாமல் பெயில்லட்டை எதிர்கொள்வது குடை இல்லாமல் ஐப்பசி மழையில் இறங்குகிற மாதிரிதான்.

தற்காப்பைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையே தொடர்கிறேன், ஏனென்றால் இந்த அணி உண்மையாகவே மாறிய இடம் அது. டோக்கியோவில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் லீக் ஆட்டத்தில் 1-7 என்று தோற்றது. அரை இறுதியில் பெல்ஜியத்தோடு கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது 2-2 என்று இருந்து, 2-5 என்று முடிந்தது. பெல்ஜியத்துக்கு அந்த ஒரு ஆட்டத்தில் 14 பெனால்டி கார்னர்கள் கொடுத்தார்கள். அலெக்சாண்டர் ஹெண்ட்ரிக்ஸ் ஹாட்ரிக் அடிக்காமல் என்ன செய்வார்? 2022 பர்மிங்காம் காமன்வெல்த் இறுதியில் மறுபடியும் ஆஸ்திரேலியா, 0-7. அன்று இரவு டிவியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் கால் இறுதிக்கே போகாமல் அணி வெளியேறியது. பயிற்சியாளர் கிரஹாம் ரீட் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிரேக் ஃபுல்டன். டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியம் அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். அதற்கு முன்பு அயர்லாந்தை ரியோ ஒலிம்பிக் வரை கூட்டிக்கொண்டு போனவர். சின்ன அணியைப் பெரிய அணிகளிடமிருந்து காப்பாற்றப் பழகிய ஆள். அவர் வந்ததும் சொன்னது, ஜெயிக்க வேண்டுமானால் முதலில் தடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான்.

மைதானத்தில் அது எப்படித் தெரியும் என்றால், பந்து போனதும் இந்திய வீரர்கள் இப்போது பந்தைத் துரத்துவதில்லை. தங்கள் இடத்துக்குத் திரும்புகிறார்கள். நடுவில் இடைவெளியே இல்லாமல் கூட்டமாக நின்று, எதிரணியை ஓரத்தில் ஆட வைக்கிறார்கள். ஜர்மன்பிரீத், சஞ்சய், சுமித் எல்லோரும் இந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டார்கள். நடுகள வீரராகவே பெயர் வாங்கிய மன்பிரீத்தைப் பாரிஸில் தேவைக்கேற்பப் பின்வரிசைக்கு இழுத்துப் பயன்படுத்தினார்கள். 10 பேரோடு 43 நிமிடம் தாக்குப்பிடித்தது ஏதோ ஒரு நாள் வேகத்தில் நடந்ததல்ல, பயிற்சி முகாமில் ஆள் குறைத்து ஆடிப் பழகிய உழைப்பின் பலன் என்றுதான் நினைக்கிறேன். அதே பாரிஸில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று தோற்கடித்தது, ஒலிம்பிக்கில் 52 வருடத்துக்குப் பிறகு. நான்கு மாதம் முன்பு பெர்த்தில் இதே ஆஸ்திரேலியாவிடம் ஐந்து டெஸ்டிலும் தோற்றுவிட்டு வந்த அணி இது.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. எல்லோரும் பின்னால் வந்து நின்றால், பந்தைப் பறித்ததும் முன்னால் யார் இருப்பார்கள்? ஒருவர் அல்லது இரண்டு பேர். அவர்கள் ஓடிப்போய் நான்கு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். தோழர்கள் வந்து சேரும் வரை பந்தை வைத்திருக்க முடியாது. அப்போது எது எளிது? காலைத் தேடுவது. இப்படியாக, ஃபுல்டனின் ஒழுங்கும் ஹர்மன்பிரீத்தின் திறமையும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து ஃபீல்டு கோலை இந்த அணியிலிருந்து மெல்ல வெளியேற்றிவிட்டன. ஃபுல்டனைக் குறை சொல்லவில்லை. 0-7 வாங்கிய வீட்டில் முதலில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடத்தான் செய்வார்கள்.

கடைசிக் கால் பகுதி. இந்திய ஹாக்கி ரசிகர்கள் யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: கடைசி நிமிடத்தில் கோல் வாங்கிவிடுவோம். இந்தப் பல்லவியை நானும் பல வருடம் பாடியவன்தான். பாரிஸ் அதைக் கொஞ்சம் திருத்த வைத்தது. நியூசிலாந்தை ஜெயித்த கோலும் 59-ஆவது நிமிடம், அர்ஜென்டினாவோடு சமன் செய்த கோலும் 59-ஆவது நிமிடம். இரண்டும் ஹர்மன்பிரீத். ஆக, கடைசி வரை ஓடும் உடம்பு இருக்கிறது. பின் ஏன் ஜெர்மனியின் மார்கோ மில்ட்காவ் 54-ஆவது நிமிடத்தில் வந்து கதையை முடித்தார்? 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 40-ஆவது நிமிடத்தில்கூட 3-1 என்று முன்னால் நின்றுவிட்டு, 49-ஆவது நிமிடத்துக்குள் 3-3 ஆனது ஏன்? அந்த ஆட்டம் ஷூட் அவுட் வரை போய்க் கை நழுவியது.

என் பதில், இது களைப்பு அல்ல, பழக்கம். முன்னிலை கிடைத்ததும் அல்லது ஸ்கோர் சமனாக இருந்து நேரம் குறையக் குறைய, அணி பந்தை வைத்துக்கொள்வதை நிறுத்திவிடுகிறது. பின்னாலிருந்து ஸ்கூப் செய்து பந்தை வானத்தில் தூக்கி விடுகிறார்கள். ஹர்மன்பிரீத்தின் நீளமான ஸ்கூப் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன்னால் ஆள் இல்லாதபோது அது எதிரணிக்கு அனுப்பும் பார்சல். இருபது வினாடியில் பந்து திரும்பி வந்துவிடும். மறுபடி தடுக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். பத்து முறை தடுத்தவர்கள் பதினோராவது முறை ஒரு இடத்தில் காலை வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். நெதர்லாந்தும் பெல்ஜியமும் முன்னிலையில் இருக்கும்போது என்ன செய்கின்றன என்று பாருங்கள். பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோய், ஐந்து மீட்டர் பாஸ், மறுபடி ஐந்து மீட்டர் பாஸ் என்று கடிகாரத்தைத் தின்பார்கள். பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கும். ஜெயிப்பார்கள்.

2025 ஜூனில், சர்வதேச ஹாக்கி சம்மேளனம் நடத்தும் புரோ லீக் போட்டியின் ஐரோப்பியப் பயணம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் 2-3, 2-3. ஆறு ஆட்டமும் ஒரே ஒரு கோலில் தோல்வி. பிறகு பெல்ஜியத்திடம் 3-6. ஏழு தொடர் தோல்விக்குப் பிறகு கடைசி ஆட்டத்தில் அதே பெல்ஜியத்தை 4-3 என்று ஜெயித்து, 9 அணிகளில் 8-ஆவதாக முடித்தார்கள். இதை எப்படிப் படிப்பது? பெரிய அணிகளோடு சமமாக நிற்கிறோம் என்றும் படிக்கலாம்; ஆறு முறை சமமாக நின்று ஆறு முறையும் தோற்றோம் என்றும் படிக்கலாம். ஒரு முறை நடந்தால் அதிர்ஷ்டம் இல்லை என்று விடலாம். ஆறு முறை நடந்தால் அதற்கு அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

ஆசியாவுக்குள் வந்துவிட்டால் இதே அணி வேறு மாதிரி. 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் இறுதி ஆட்டம் பார்த்தேன். லீக்கில் இதே மலேசியாவை 5-0 என்று ஊதித் தள்ளியிருந்தார்கள். அதில் முதல் கோல் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் அடித்தது. அதனால் எல்லோரும் கொண்டாட்ட மனநிலையில் வந்திருந்தோம். இடைவேளையில் ஸ்கோர் 1-3. கேலரியில் மயான அமைதி. சமோசா விற்கிற பையன்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிடத்தில்தான் அது நடந்தது. ஹர்மன்பிரீத் பெனால்டி ஸ்ட்ரோக்கில், அதாவது கோல்கீப்பரோடு நேருக்கு நேர் நின்று விடும் ஷாட்டில், ஒன்று. சத்தம் அடங்குவதற்குள் குர்ஜந்த் ஒன்று. 3-3. 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் அடித்த கோலை நான் பார்க்கவே இல்லை, முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வலை ஆடியதை மட்டும் பார்த்தேன்.

அன்று ஒன்று கவனித்தேன். பின்தங்கியிருந்தபோது இந்தியா ஆடிய ஆட்டம், சமமாக இருந்தபோது ஆடியதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. இழக்க ஒன்றும் இல்லை என்றதும் முன்கள வீரர்கள் கோலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டோக்கியோ வெண்கல ஆட்டமும் அப்படித்தான். ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, பிறகு சில நிமிடங்களிலேயே நான்கு கோல் அடித்து 5-3 ஆக்கினார்கள்; முடிந்தது 5-4. நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு வந்த ஒலிம்பிக் பதக்கம். கடைசி வினாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்ததும் அந்த ஆட்டத்தில்தான்.

ஸ்ரீஜேஷ் போய்விட்டார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாரிஸ் வெண்கலத்தோடு ஓய்வு. ஸ்பெயினுக்கு எதிரான அந்த 2-1 ஆட்டம் முடிந்ததும் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் பந்தைத் தடுத்தது பாதி வேலை. மீதிப் பாதி வாய். அறுபது நிமிடமும் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருப்பார், யார் எங்கே நிற்க வேண்டும் என்று. அவருக்குப் பிறகு கோல் காக்கும் கிருஷன் பகதூர் பாடக்கும் சூரஜ் கர்கேராவும் பந்தைத் தடுப்பதில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் அந்தக் குரல் ஒரு வருடத்தில் வராது. ஐரோப்பாவில் ஒரே கோலில் தோற்ற ஆட்டங்களில் அந்தக் குரல் இல்லாததும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

நடுகளத்தில் ஹர்திக் சிங். இவரைப் பற்றி நீளமாக எழுத ஆசை, சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தோடு ஓடியே நான்கு பேரைக் கடக்கக்கூடியவர் இந்த அணியில் இவர் ஒருவர்தான். 2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஆட்டத்தில் தொடைத் தசை இழுத்துக்கொண்டு இவர் வெளியேறினார். அதற்குப் பிறகு அந்த அணி வேல்ஸை 4-2 என்று திணறித்தான் ஜெயித்தது, அடுத்து நியூசிலாந்திடம் வீழ்ந்தது. விவேக் நல்ல நடுகள வீரர்தான், ஆனால் அவர் பாஸ் கொடுத்து ஆட்டத்தை நகர்த்துபவர். ஹர்திக் உடைத்துக்கொண்டு போகிறவர். இரண்டாவது வகைக்கு மாற்று ஆள் இல்லை.

ஹர்மன்பிரீத்துக்கு மாற்று? ஜுக்ராஜ் சிங் இருக்கிறார், அமித்தும் ஃபிளிக் விடுவார். 2024 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் சீனாவை 1-0 என்று ஜெயித்த அந்த ஒரே கோல் ஜுக்ராஜுடையது. வேடிக்கை என்னவென்றால், அது கார்னர் கோல் அல்ல. கேப்டன் கொடுத்த பாஸில் வந்த ஃபீல்டு கோல். அப்படியும் பெரிய ஆட்டத்தில், கேப்டன் வெளியே உட்கார்ந்திருக்கும் நிமிடத்தில் கார்னர் கிடைத்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். 2025 நவம்பரில் இப்போவில் அஸ்லான் ஷா கோப்பை இறுதியில் ஹர்மன்பிரீத் இல்லாத அணி பெல்ஜியத்திடம் 0-1 என்று தோற்றது. சஞ்சய் கேப்டனாக இருந்த இளைய அணி அது, தற்காப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் அடித்த கோல் பூஜ்யம்.

நம்பிக்கை தரும் விஷயம் ஒன்றும் இருக்கிறது, அது 2025 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடிந்த, பிகாரின் ராஜ்கீரில் நடந்த ஆசியக் கோப்பை. முதல் ஆட்டத்தில் சீனாவை 4-3 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். நான்கு கோலும் பெனால்டி கார்னரில் வந்தவை: ஹர்மன்பிரீத் மூன்று, ஜுக்ராஜ் ஒன்று. பழைய வியாதி அப்படியே இருக்கிறது என்று நினைத்தேன். அதே போட்டியில் பத்து நாளுக்குள் அதே சீனாவை 7-0 என்று அடித்தார்கள். இறுதியில் தென் கொரியாவை 4-1. முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத், பிறகு தில்பிரீத் இரண்டு, கடைசியில் அமித் ஒரு கார்னர். கோல் அடித்தவர்கள் பட்டியலில் கேப்டன் பெயர் இல்லாமல் ஒரு பெரிய இறுதி ஆட்டத்தை ஜெயித்ததைப் பார்க்க எனக்கு வினோதமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. சுக்ஜீத்தின் அந்த முதல் கோல், ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில், ஹர்மன்பிரீத் கொடுத்த பந்தை வட்டத்துக்குள் வாங்கித் திரும்பி, யார் காலையும் தேடாமல், பின்கையில் ஒரே அடி. கொரியா ஆசியாவில் நல்ல அணிதான். ஆனால் நெதர்லாந்து அல்ல என்பதும் உண்மை. அந்த வெற்றியால் 2026 உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி கிடைத்தது.

உலகக் கோப்பையில் நம் கணக்கு மோசம். 1971-இல் வெண்கலம், 1973-இல் வெள்ளி, 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்துத் தங்கம். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு அரை இறுதி கிடையாது. ஒலிம்பிக்கில்கூட சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோவில் தங்கம் வந்தது, இப்போது இரண்டு வெண்கலம் வந்திருக்கிறது. உலகக் கோப்பைதான் அரை நூற்றாண்டாகக் கைக்கு எட்டவில்லை. 2026 ஆகஸ்டில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டெல்வீனிலும் பெல்ஜியத்தின் வாவ்ரவிலும் போட்டி. தற்காப்பை வைத்துக் கால் இறுதி வரை போய்விடலாம் என்பது என் கணிப்பு. அங்கிருந்து மேலே போக, பத்து கார்னரில் எட்டு தடுக்கப்படும் ஒரு நாளிலும் இரண்டு ஃபீல்டு கோல் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாரிஸ் அரை இறுதியின் கடைசி நொடிகளை நான் இன்னும் மறக்கவில்லை. 2-3. ஸ்ரீஜேஷை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு ஆளை உள்ளே இறக்கியிருந்தார்கள். வட்டத்துக்குள் ஷம்ஷேர் கையில் பந்து, முன்னால் கோல். அவர் காலைத் தேடவில்லை, கோலைப் பார்த்துத்தான் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே போனது. அடுத்த நாள் பலர் அவரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அந்த ஷாட்டை வருடம் முழுக்க அடித்துப் பழகியவருக்கு அது உள்ளே போயிருக்கும்.